வெட்சி உண்டு, கரந்தை இல்லை

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் ஒரு நடுகல் கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்து பொறித்த சின்னக் கல். கூடலூர் ஆகோளில் செத்துப்போன தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். அவன் கவரப் போனவனா, மீட்கப் போனவனா என்று கல் சொல்வதில்லை. நம் இலக்கணத்திலோ இரண்டுக்கும் தனித்தனிப் பூ இருக்கிறது. கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை.

இன்று நான் பேச வந்தது கென்யாவின் வடமேற்கைப் பற்றி. துர்க்கானா, போக்கோட், சம்புரு, மரக்வெட் என்று பல மக்கள். எல்லை தாண்டினால் உகாண்டாவில் கரமோஜோங். அங்கே மாட்டுக்காகத் துப்பாக்கிச் சண்டை என்றதும், "அட, நம்ம சங்க காலம் மாதிரி இருக்கே" என்று நம்மில் சிலருக்கு ஒரு ரசனை வந்துவிடுகிறது. அந்த ரசனையைக் கொஞ்சம் கெடுக்கலாம் என்றுதான் பூக்களில் இருந்து ஆரம்பித்தேன்.

முன்பும் அங்கே மாடு கவர்ந்தார்கள். பஞ்சத்திலும் நோயிலும் மந்தை அழிந்தவன் அடுத்த இனத்தின் பட்டியைப் பார்ப்பான். கல்யாணம் ஆகவேண்டிய இளைஞனுக்குப் பெண் வீட்டாருக்குக் கொடுக்க மாடு வேண்டும். கையில் ஈட்டி. கிளம்புமுன் பெரியவர்களின் ஒப்புதலும் குறி சொல்பவரின் வாக்கும் வேண்டும். அதெல்லாம் சாது விளையாட்டு என்று நான் சொல்லவில்லை, ஆட்கள் செத்தார்கள். ஆனால் கவர்ந்த மாடு சில நாள் நடைதூரத்தில், இன்னொருவன் பட்டியில் உயிரோடு நின்றது. நாளைக்குப் போய் மீட்கலாம். இல்லையென்றால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பாதியையாவது திரும்ப வாங்கலாம்.

அப்புறம் துப்பாக்கி வந்தது. 1979-இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சி விழுந்தபோது மொரோட்டோ படைமுகாமில் இருந்த சிப்பாய்கள் ஓடிவிட்டார்கள். ஆயுதக் கிடங்கைச் சுற்றுவட்டார மக்கள் காலி செய்தார்கள். சூடான், சோமாலியா போர்களின் துப்பாக்கிகளும் எல்லை தாண்டி வந்து சேர்ந்தன. ஈட்டி தூக்கியவன் தோளில் ஏகே-47.

துப்பாக்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது லாரி. இன்று கவர்ந்த மாடுகளில் ஒரு பங்கு நேராகத் தார்ச்சாலைக்கு ஓட்டப்பட்டு, லாரி ஏறி, தூரத்துச் சந்தைக்கோ இறைச்சிக் கூடத்துக்கோ போய்விடுகிறது. பின்னால் பணம் போடுபவன் மேய்ப்பவனாக இருக்கவேண்டியதே இல்லை. குளம்படி பார்த்துத் தேடிப் போகிறவர்கள் சாலையில் வந்து நிற்பார்கள், அதற்குமேல் தடம் இருக்காது. கரந்தை சூடிக் கிளம்பினாலும் மீட்க மாடு இல்லை. அந்தக் கோபம் எங்கே போகும்? பக்கத்து இனத்தின் குடிசைக்குப் போகும்.

2001 மார்ச்சில் மரக்வெட் பகுதியின் முர்க்குட்வா ஊரில் தாக்குதல். 2005 ஜூலையில் வட கென்யாவின் மார்சபிட் பக்கம் துர்பி ஊரில். அங்கே 50-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2012 நவம்பரில் சுகுட்டா பள்ளத்தாக்கில் களவுபோன மாடுகளைத் தேடிப் போன போலீசாரில் 40-க்கும் மேற்பட்டவர்கள் பதுங்கித் தாக்கியதில் இறந்தார்கள். பலர் பயிற்சி முடித்து வந்த புதுப் பையன்கள்.

இவை செய்தியில் வந்தவை. வராத ஒன்று இருக்கிறது: புல். துர்க்கானாவுக்கும் போக்கோட்டுக்கும் நடுவே நல்ல மேய்ச்சல் நிலம் யாரும் கால் வைக்காமல் கிடக்கும். பயம்தான் காரணம். மழை பொய்த்த வருஷத்தில், நடந்து போகிற தூரத்தில் புல் நிற்கும்போதே இங்கே மாடு எலும்பாகிச் சாகும். பாதுகாப்பான இடம் என்று எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கினால் அந்த நிலம் சீக்கிரம் மொட்டையாகிவிடும், ஒரு மந்தையின் நோய் எல்லா மந்தைக்கும் தொற்றும். பால் வற்றும். அங்கே குழந்தைக்குச் சோறும் பால்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துர்க்கானா ஆணுக்கு அவனுடைய பிரியமான காளையை வைத்து ஒரு பெயர் உண்டு. தோழர்கள் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். மந்தை ஒரே இரவில் போனால் அவன் ஊரோரம் வந்து நிவாரணச் சோளத்துக்கு வரிசையில் நிற்கிறான். மனைவி கரி சுட்டு மூட்டை கட்டிச் சாலையோரம் விற்கிறாள். மகனுக்குப் பெண் கேட்க மாடு இல்லை. ஆசிரியர்கள் பயந்து ஊர் மாறிப் போனால் பள்ளிக்கும் பூட்டு. பெயரில் மட்டும் காளை இருக்கிறது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. உகாண்டா 2001 கடைசியிலும் மறுபடி 2006-லும் ஆயுதம் பறித்தது. ஒரு இனத்திடம் பறித்து அடுத்த இனத்திடம் விட்டால் என்ன ஆகும்? பறிகொடுத்தவன் பட்டிதான் அடுத்து காலி. மாடுகளை முகாமுக்குப் பக்கத்தில் அடைத்து ராணுவமே காவல் காத்துப் பார்த்தது. அங்கேயும் அதே நெரிசல், அதே நோய். கென்யா 2023 பிப்ரவரியில் ஆறு மாவட்டங்களில் ராணுவத்தையும் இறக்கியது. குடிசையைச் சோதிக்கும் அளவுக்கு லாரியையும் சோதிக்கலாமே என்று எனக்கு ஓர் எண்ணம்.

சமாதானமே நடக்காத மண் என்று நினைத்துவிட வேண்டாம். 1973-இல் கென்ய எல்லையோரம் லோகிரியாமாவில் துர்க்கானாக்களும், கரமோஜோங்கில் ஒரு பிரிவான மதெனிக்கோக்களும் கூடி ஆயுதங்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அந்த ஒப்பந்தத்தை நினைத்து இன்றும் செப்டம்பரில் கூடுகிறார்கள். மேற்கு போக்கோட்டில் பிறந்தவர் டெக்லா லோரூப்பே. 1994-இல் நியூயார்க் மாரத்தானை வென்றவர். சண்டை போட்ட இனத்து இளைஞர்களையே ஒன்றாக ஓடவைத்துச் சமாதான ஓட்டம் நடத்தினார்.

ஆனால் லோகிரியாமாவில் உட்கார்ந்த இரண்டு தரப்பும் மாடு வளர்த்தவர்கள். எதிரியின் முகம் தெரியும், அவனுடைய மாட்டின் நிறமும் தெரியும். இன்று மாட்டை வாங்கி ஏற்றுகிறவன் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் வருவதில்லை, அவனை யாரும் கூப்பிடுவதும் இல்லை.

சரி, நேரம் ஆகிவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.