பாம் மியூட்: அழுத்தம் அல்ல, இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

எலக்ட்ரிக் கிட்டாரில் பவர் கார்டு, அதாவது இரண்டு மூன்று தந்திகளை மட்டும் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு, பிடிக்கப் பழகியதும் எல்லாரும் அடுத்து ஆசைப்படுவது பாம் மியூட்டுக்குத்தான், அதாவது உள்ளங்கை ஓரத்தால் ஒலியைப் பாதி அடக்கி வாசிப்பதற்கு. மெட்டல், பங்க், ராக் என்று எதைக் கேட்டாலும் அடியில் 'ஜக் ஜக்' என்று குறுகலாகவும் கனமாகவும் ஒரு ஒலி தாளத்தைத் தள்ளிக்கொண்டு போகும். பிக், அதாவது மீட்டும் வில்லை, பிடித்த கையின் ஓரத்தைத் தந்திகள் மேல் லேசாக வைத்தபடி மீட்டினால் அந்த ஒலி வரும். சொல்ல ஒரு வரிதான். ஆனாலும் பலருக்கு மாதக்கணக்கில் பிடிபடுவதில்லை. எவ்வளவு அழுத்துவது என்றே யோசித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் யோசிக்க வேண்டியது கையை எங்கே வைப்பது என்பதைத்தான்.

கையில் எந்தப் பகுதி என்பதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையின் நடுப்பகுதி கிடையாது. சுண்டுவிரலுக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டு வரை இறங்கும் சதைப்பிடிப்பான ஓரம். அதை பிரிட்ஜின், அதாவது கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பாகத்தின், மேல் வையுங்கள். தந்தி பிரிட்ஜில் உட்காரும் சின்ன உலோகத் துண்டுக்கு சாடில் என்று பெயர். கைச்சதையின் பாதி சாடில் மேலும், மீதி அதைத் தாண்டி 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை தந்தி மேலும் படிய வேண்டும்.

அந்தச் சில மில்லிமீட்டர் ஏன் அவ்வளவு முக்கியம்? சாடிலில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தந்தி ஏறக்குறைய அசைவதே இல்லை. அங்கிருந்து கழுத்துப் பக்கம் போகப் போக அசைவு கூடும். அசையாத இடத்தைத் தொட்டால் ஒலி மாறாது. அசைவு அதிகமான இடத்தைத் தொட்டால் தந்தியின் அதிர்வை சதை மொத்தமாக உறிஞ்சிவிடும், மரப்பலகையைத் தட்டியதுபோல் 'டொக்' என்ற சத்தம்தான் மிஞ்சும். நடுவில் உள்ள குறுகிய பகுதியில்தான் நமக்கு வேண்டிய ஒலி இருக்கிறது. அங்கே முதலில் அடங்குவது கூர்மையான மேல் அதிர்வுகள். சுருதியைக் காட்டும் அடி அதிர்வு கொஞ்ச நேரம் நிற்கும். பாம் மியூட்டுக்கு அந்தக் கனம் வருவது இதனால்தான்.

இப்போதே கிட்டார் பக்கத்தில் இருந்தால் ஆம்பை, அதாவது ஒலிபெருக்கியை, டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு துளியும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் தந்தியை, அதாவது தடித்த ஈ தந்தியை, எந்த ஃபிரெட்டையும் பிடிக்காமல் மீட்டிக்கொண்டே இருங்கள். கையை முழுக்க சாடிலுக்குப் பின்னால் வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு மீட்டுக்கும் மயிரிழை அளவு முன்னே நகர்த்துங்கள். திறந்த ஒலி மெல்லச் சுருங்கும், பிறகு கனக்கும், கடைசியில் செத்துப்போகும். திரும்பப் பின்னால் வாருங்கள். இப்படி நாலைந்து முறை போய்வந்தால் உங்கள் கிட்டாரில் எந்த இடம் என்று கைக்கே தெரிந்துவிடும். கிட்டாருக்குக் கிட்டார் இது மாறும் என்பதால் வேறு கிட்டாரை எடுக்கும்போதெல்லாம் இதைச் செய்துபார்ப்பது நல்லது.

அழுத்தம் சரியா என்று பார்க்க டியூனர் போதும். திறந்த ஆறாம் தந்தியைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, மியூட் செய்து மீட்டுங்கள். முள் மேலே ஏறினால் அதிகமாக அழுத்துகிறீர்கள். அழுத்தும்போது தந்தியின் இழுவிசை கூடுகிறது, சுருதியும் கூடுகிறது. ஒற்றைத் தந்தியில் இது பெரிதாகத் தெரியாது. டிஸ்டார்ஷனோடு இரண்டு தந்திகளை வாசிக்கும்போது கார்டே கசப்பாகிவிடும். ஆறாம் தந்தியை ஈயிலிருந்து டிக்கு இறக்கும் டிராப் டி சுருதியில் அது இன்னும் தளர்ந்திருப்பதால் சிக்கல் கூடுதல். 0.046 அங்குலத்துக்குப் பதில் 0.052 அங்குலத் தடிமன் தந்தி போட்டால் பெரும்பகுதி தீரும்.

ஃப்ளாய்டு ரோஸ் போன்ற மிதக்கும் பிரிட்ஜ் உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த பிரிட்ஜ் ஸ்பிரிங்குகளுக்கும் தந்திகளுக்கும் நடுவே சமநிலையில் நிற்கிறது. கையின் பாரத்தை அதன் பின்பகுதியில் இறக்கினால் பிரிட்ஜ் சாய்ந்து ஆறு தந்திகளின் சுருதியும் ஒருசேர ஏறும். பாரத்தை முன்கை வழியாகக் கிட்டாரின் உடலுக்குக் கொடுங்கள், கையின் ஓரம் தொட்டால் மட்டும் போதும். பழகுவதற்கு முதலில் நிலையான பிரிட்ஜ் உள்ள கிட்டார் கிடைத்தால் நல்லது.

அடிக்கடி வரும் இன்னொரு புகார்: ஆறாம் தந்தி சரியாக அடங்குகிறது, நான்காம் தந்தி மட்டும் திறந்தே ஒலிக்கிறது. சாடில்களை மேலிருந்து பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். அவை ஒரே நேர்கோட்டில் இருக்காது. பெரும்பாலான கிட்டார்களில் ஆறாம் தந்தியின் சாடில் மிகவும் பின்னால் இருக்கும், ஐந்தும் நான்கும் படிப்படியாக முன்னே வரும். கையை நேராக வைத்தால் ஆறாம் தந்தியில் அதிகமும் நான்காம் தந்தியில் குறைவாகவும் சதை படுகிறது. சாடில்களின் சரிவுக்கு ஏற்ப கையையும் கொஞ்சம் சாய்த்து வைத்தால் சரியாகிவிடும்.

பிக்கைப் பொறுத்தவரை 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிமன் இருக்கட்டும். மெல்லிய பிக் வளைந்து திரும்புவதற்குள் தாளம் பிசகும். விரலுக்கு வெளியே நுனி மட்டும், 3, 4 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். அசைவு மணிக்கட்டில் இருந்து வரட்டும். ஒவ்வொரு மீட்டுக்கும் கையின் ஓரம் தூக்கித் தூக்கி இறங்கினால் ஒரு அடி கனமாகவும் அடுத்தது வெளிறியும் கேட்கும். ஓரம் ஊன்றிய இடத்திலேயே நிற்க, மணிக்கட்டு மட்டும் ஆடப் பழகுங்கள்.

ஆரம்பத்தில் எல்லாமே டவுன் ஸ்ட்ரோக்காக, அதாவது கீழ்நோக்கிய அடியாக, இருக்கட்டும். மேல்நோக்கிய அடியில் பிக் தந்தியை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடுகிறது, கையும் தன்னையறியாமல் எழும்பும். ஒலி மெலிவது அதனால்தான். இரண்டையும் கலந்து வாசித்து வித்தியாசம் தெரியாதபடி செய்வது பிற்பாடு வரும் வேலை.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு மீட்டு, நான்கு தட்டுக்கு எட்டு. எட்டும் ஒரே அளவாக வந்த பிறகு, அதே எட்டை 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். மூன்று சொற்களிலும் வரும் முதல் 'த'வுக்குக் கையை எடுத்துத் திறந்து மீட்ட வேண்டும். மற்ற ஐந்தும் மியூட். கையை எடுப்பது என்றால் தந்தியை விட்டு 2 மில்லிமீட்டர் விலகினால் போதும், உயரத் தூக்கினால் திரும்பி வரும்போது இடம் தப்பும். அடுத்து 'தகதிமி'யில் 'க'வை விட்டு 'தா திமி, தா திமி' என்று வாசித்தால் மெட்டலில் கேட்கும் குதிரை ஓட்டம் வந்துவிடும். வேகத்தை ஒரு தடவைக்கு 4, 5 பீட்டுக்கு மேல் கூட்ட வேண்டாம். முன்கை இறுகி எரிய ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். இறுக்கத்தோடு பழகினால் இறுக்கமும் சேர்ந்தே பழகிவிடும்.

மியூட் என்பது ஆன், ஆஃப் போடும் சுவிட்ச் அல்ல. ஃபெண்டர் நிறுவனம் 1962இல் கொண்டுவந்த ஜாகுவார் கிட்டாரில் பிரிட்ஜ் அருகே ஒரு மியூட் பட்டையையே வைத்துக் கொடுத்தது. வாசிப்பவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டார்கள். பட்டைக்கு ஒரே நிலைதான் தெரியும். கையோ ஒரே வரிக்குள் முதல் அடியை இறுக்கமாகவும், இரண்டாவதைத் தளர்வாகவும், மூன்றாவதைப் பாதி திறந்தும் கொடுக்கும். வாசிப்புக்கு உயிர் வருவது இந்த ஏற்ற இறக்கத்தில்தான்.

தந்தியையும் ஃபிரெட் எண்ணையும் காட்டும் டேப் எழுத்துமுறையில் பாம் மியூட்டுக்கு 'பி.எம்.' என்று போட்டுப் புள்ளிக்கோடு இழுத்திருப்பார்கள். கோடு முடியும் இடத்தில் கையை எடுக்க வேண்டும். தந்தியின் மேல் 'எக்ஸ்' குறி இருந்தால் அது வேறு. அங்கே ஃபிரெட் பிடிக்கும் கை தந்தியைத் தளர்வாகத் தொட்டு ஒலியைக் கொல்கிறது, சுருதியே கேட்காது. பவர் கார்டிலும் அந்தக் கைக்கு வேலை உண்டு. ஆள்காட்டி விரலைச் சற்றுப் படுக்க வைத்து மெல்லிய தந்திகளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, வலது கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இரைச்சல் போவதில்லையே என்று தவிப்பவர்கள் நிறைய.

சுத்தமான ஒலியில் கை பழகிய பிறகு டிஸ்டார்ஷனுக்கு வாருங்கள். தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புகளில் பிரிட்ஜ் பக்கத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழை ஒலி தடித்துச் சேரும் வரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அடியின் தொடக்கமும் மழுங்கி எல்லாம் ஒரே குழம்பாகும். இன்னும் இறுக்கம் வேண்டுமென்றால் பேஸைக் குறையுங்கள். அல்லது டியூப் ஸ்க்ரீமர் வகை பெடலை, அதாவது காலால் இயக்கும் ஓவர்டிரைவ் பெட்டியை, ஆம்புக்கு முன்னால் வைத்து, அதன் டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றுங்கள். ஆம்புக்குள் போகும் முன்பே கீழ் ஒலிகளை அது கொஞ்சம் வெட்டிவிடுவதால் அடி தெளிவாகும். தந்தி பழசாகி மங்கியிருந்தால் எந்தக் குமிழைத் திருகியும் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரே வரியை மெட்ரோனோமோடு இரண்டு தடவை தனித்தனியாகப் பதிவு செய்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்பிக் கேளுங்கள். மியூட் ஒலி குறுகியது என்பதால் துளி பிசகினாலும் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். அப்படிக் கேட்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடம் வரும் இரண்டு தாளச் சுற்றை மட்டும் வேகத்தை 10 பீட் குறைத்து வாசியுங்கள். நன்றி, வணக்கம்.