வீட்டில் திறந்தால் ஜர்னல் ஏன் காசு கேட்கிறது?

அடுத்த கேள்வி, பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்யும் ஓர் ஆசிரியையிடமிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். 'சனிக்கிழமை பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து திறந்து பார்த்த அதே கட்டுரை, ராத்திரி வீட்டுக்கு வந்து திறந்தால் டாலரில் விலை சொல்கிறது. யூனிவர்சிட்டி ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கிறதே, நான் எதற்கு மறுபடி கட்ட வேண்டும்?'

கட்ட வேண்டாம் அம்மா. அவசரப்பட்டுக் கார்டு நம்பரைப் போட்டுவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். ஜர்னலை, அதாவது அந்த ஆராய்ச்சி இதழை, வெளியிடும் பதிப்பகத்துக்கு உங்களைத் தெரியாது. நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பல்கலைக்கழகத்தின் ஐ.பி. எண், அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண், மட்டும். சந்தா கட்டும்போதே, எங்கள் வளாகத்திலிருந்து இணையத்துக்குப் போகும் எண்கள் இவை என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடுவோம். அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் திறக்கும். துறைத்தலைவரா, முதலாண்டு மாணவரா என்றெல்லாம் பார்க்காது. உங்கள் வீட்டு பிராட்பேண்டுக்கு வேறு எண். அது பட்டியலில் இல்லை, அதனால் விலை கேட்கிறது.

வளாகத்துக்குள்ளேயேகூட இது நடக்கும். எங்கள் ரீடிங் ஹாலில் ஒரு மாணவர், 'சார், இங்கேயும் காசு கேட்குது' என்று போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். மேலே மூலையில் வைஃபை குறியே இல்லை, 5ஜி என்று இருந்தது. ஆள் உட்கார்ந்திருப்பது நூலகத்தில், இணையத்துக்குப் போவது செல்போன் கம்பெனி வழியாக. கேம்பஸ் வைஃபைக்கு மாற்றிப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்ததும் பிடிஎஃப் பட்டன் வந்துவிட்டது.

சரி, வீட்டில் என்ன செய்வது? 'இவர் எங்கள் ஆள்தான்' என்று பல்கலைக்கழகம் உங்களுக்காகப் பதிப்பகத்திடம் சொல்ல வேண்டும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்.

ஒன்று, பிராக்ஸி, அதாவது இடையில் நிற்கும் ஒரு சர்வர். இதில் ரொம்பப் பெயர்பெற்றது ஈசிபிராக்ஸி. 1999-இல் அரிசோனாவில் வேலைபார்த்த கிறிஸ் ஸகார் என்ற நூலகர் எழுதியது, 2008-இல் நூலகங்களின் கூட்டமைப்பான ஓ.சி.எல்.சி. அதை வாங்கிக்கொண்டது. ஒரு நூலகர் தன் கஷ்டத்துக்குத் தானே எழுதிக்கொண்ட மென்பொருள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நூலகத் தளத்தில் ஜர்னல் பெயரைத் தட்டினால் முதலில் உங்கள் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும். அதன்பிறகு நீங்கள் கேட்கிற பக்கத்தை உங்களுக்குப் பதிலாக நம் சர்வர் போய் வாங்கிவந்து கொடுக்கும். பதிப்பகத்துக்குத் தெரிவது நம் சர்வரின் எண்தான். பிரவுசரில் மேலே முகவரியைப் பாருங்கள்: பதிப்பகத்தின் பெயருக்குப் பின்னால் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் பிராக்ஸி வழியாகப் போகிறீர்கள். இல்லையென்றால் நேராகப் போய்விட்டீர்கள், விலைதான் வரும்.

பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். கூகுளில் தேடி, வந்த லிங்கைத் தட்டி, நேராகப் பதிப்பகத்தின் வாசலில் போய் நின்றுவிடுகிறார்கள். நூலகத் தளத்திலிருந்து தொடங்குங்கள். கூகுள் ஸ்காலர்தான் பழக்கம் என்றால், அதன் செட்டிங்ஸில் 'லைப்ரரி லிங்க்ஸ்' என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பாருங்கள். நூலகம் அங்கே பதிவு செய்திருந்தால், கட்டுரைக்குப் பக்கத்திலேயே நூலக லிங்க் வரும்.

இரண்டாவது வழி, இன்ஃபெட். காந்திநகரில் இருக்கிற, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துவது. இதில் பதிப்பகத்தின் தளத்துக்கு நேராகவே போகலாம். லாகின் பக்கத்தில் 'உங்கள் நிறுவனம் வழியாக' என்ற பொருளில் ஒரு பட்டன் இருக்கும். தட்டி, நிறுவனத்தின் பெயரைத் தேடினால், நம் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கத்துக்கே அது உங்களைத் திருப்பி அனுப்பும். பாஸ்வேர்டை அங்கேதான் போடுகிறீர்கள். பதிப்பகத்தின் கைக்கு அது போவதே இல்லை. 'ஆமாம், எங்கள் உறுப்பினர்தான்' என்ற சேதி மட்டும் போகும். பட்டியலில் பெயர் கிடைக்கவில்லையா? முழுப்பெயரை அடிக்காமல் ஊர்ப்பெயரை மட்டும் அடித்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி இருக்கலாம்.

'ஒரே நாடு ஒரே சந்தா' பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஜர்னல்களுக்குச் சந்தா கட்டும் திட்டம், 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் இது மத்திய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் உரியது. நீங்கள் பாடம் நடத்துவது சுயநிதிக் கல்லூரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருப்பது அரசுப் பல்கலைக்கழகத்தில். ஆகவே கல்லூரி ஐடி இதற்கு உதவாது. பல்கலைக்கழக ஐடிதான் வேண்டும். பகுதிநேர மாணவர்கள் பலர் அந்த ஐடியை வாங்காமலே காலத்தை ஓட்டுகிறார்கள். பதிவு ஆணையை எடுத்துக்கொண்டு நூலகத்தில் கேளுங்கள்.

அப்புறம், போனில் இலவச வி.பி.என். ஆப் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுவது) போட்டால் திறக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திறக்காது. அது வேறு ஏதோ ஊரின் எண்ணைக் காட்டும், அந்த எண்ணும் பட்டியலில் இருக்காது. பல்கலைக்கழகமே கொடுக்கும் வி.பி.என். வேறு, அது வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், கட்டுரைகளை மொத்தமாகவும் இறக்காதீர்கள். நான் முன்பு வேலைபார்த்த இடத்தில் ஒரு மாணவர், வைவா முடிந்தால் ஐடி போய்விடுமே என்ற பயத்தில், ஒரு ஜர்னலின் பழைய இதழ்கள் அத்தனையையும் டவுன்லோட் மேனேஜர் போட்டு ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டார். காலையில் பதிப்பகம் எங்கள் பிராக்ஸியின் எண்ணையே முடக்கியிருந்தது. வெளியிலிருந்து எல்லோரும் அந்த ஒரு எண்ணில்தானே போகிறோம்? பாதிப் பேருக்கு அன்று தீசிஸ் வேலை நின்றது. நானும் யார் எதை இறக்கினார் என்று சர்வர் குறித்துவைக்கும் லாகைத் தோண்டி, ஆளைக் கூப்பிட்டு, பதிப்பகத்துக்கு விளக்கம் எழுதி... திரும்பத் திறக்க நாலு நாள் ஆனது. அந்தப் பையன் நல்ல பையன்தான். கேட்டிருந்தால் நானே வேறு வழி சொல்லியிருப்பேன்.

அவருடைய பயமும் பொய்யில்லை. படிப்பு முடிந்ததும் ஐடி நின்றுவிடும். பதிப்பகத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் பொதுவாகத் தற்போதைய மாணவர், ஆசிரியர், ஊழியர் என்றுதான் இருக்கும். ஆனால் பல ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வருகிற வெளியாளும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று ஒரு வரி உண்டு. முடித்த பிறகு ஒரு கட்டுரை அவசரமாகத் தேவைப்பட்டால், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று உங்கள் நூலகரைக் கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்விடுங்கள்.