தொட்டிக்கரியும் சாயப்பட்டறை உப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிணறு கெட்டுப்போனால் நம் ஊரில் முதலில் சொல்வது, "மோட்டாரைப் போட்டு இறைச்சு விட்டுருங்க, புதுத் தண்ணி ஊறிக்கும்" என்பதுதான். எலி விழுந்து செத்த கிணற்றுக்கு அது சரி. ரசாயனம் இறங்கிய கிணற்றுக்கு அது போதாதுங்க.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சாண்டா சூசனா என்று ஒரு மலைப்பகுதி. 1940களின் கடைசியிலிருந்து 2006 வரை அங்கே ராக்கெட் இன்ஜின்களை ஓட்டிச் சோதித்தார்கள். இன்ஜின் பிசுக்கைக் கழுவ ட்ரைக்ளோரோஎத்திலீன். கழுவிய திரவம் நிலத்துக்குள் போனது. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம் என்பதால் மிதக்காது, பாறை வெடிப்பு வழியே இறங்கிக்கொண்டே போகும். அந்நாட்டுக் குடிநீரில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரே ஒரு லிட்டர் போதும், 29 கோடி லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும்.

இப்படிப்பட்ட நீரை இறைத்துக் கரி வழியாக விடுவார்கள், விஷம் கரியில் ஒட்டிக்கொள்ளும். நம் காங்கேயம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக்கரி இருக்கிறதே, அதைப் பக்குவப்படுத்தினால் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இந்த வேலைக்குப் பேர்போனது. ஆனால் மோட்டாரை நிறுத்தினால் அளவு மறுபடி ஏறும். கருவாட்டுக் குழம்பு வைத்த மண்சட்டியில் மறுநாள் பால் காய்ச்சினால் எப்படி? அதேதான். வருஷக்கணக்கில் மணற்பாறையின் நுண்துளைகளில் ஊறியது மெல்லத் திரும்பக் கசிகிறது. அங்கே வேலை இன்னும் முடியவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. கரும்பாலைக் கழிவான மொலாசஸை நிலத்தடிக்குள் செலுத்துவார்கள். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, வேறொரு வகை நுண்ணுயிர் ட்ரைக்ளோரோஎத்திலீனிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். பாதியில் நின்றால் ஆபத்து. நடுவில் உருவாகும் வினைல் குளோரைடு இன்னும் கொடியது.

சரி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் வழியே ஓடும் நம் நொய்யல் ஆற்றுக்கு வருவோம். துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாக. அந்த உப்பு ஆற்றில் வந்தது. 1992இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது.

என் கணிப்பில், ஒருவகையில் நம் பாடு அவர்களைவிடச் சிரமம். உப்பைத் தொட்டிக்கரி பிடிக்காது, நுண்ணுயிர் தின்னாது. ஆர்.ஓ. வைத்துப் பிரித்தால் பிரித்த உப்பு கையில் நிற்கும். மிச்சம் மழைதான்.

மழை பெய்தால் மேல்தண்ணீர் இனிக்கும், கனத்த உப்புத்தண்ணீர் அடியில் கிடக்கும். அதனால் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது வாளியில் மேலாக மொண்டு கொடுக்காதீங்க. மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் பாட்டிலில் பிடியுங்க.