பணவீக்கம் குறைந்தும் விலை ஏன் குறையவில்லை? நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் பொருளியலும் வங்கியியலும்

வணக்கம் தம்பி தங்கச்சிமார். கிளிநொச்சியில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது, தகரக் கூரைச் சத்தம் இடையில் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாக சேவை, கணக்காளர் சேவை, திட்டமிடல் சேவை, வங்கிப் பரீட்சை என்று எதற்குப் படித்தாலும் பொருளியல் உங்களை விடாது. என் மாலை வகுப்புப் பிள்ளைகளின் விடைகளைத் திருத்தும்போது திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். "கொள்கை வட்டியை ரிசர்வ் வங்கி தீர்மானிக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். ரிசர்வ் வங்கி இந்தியாவினுடையது, இங்கே தீர்மானிப்பது இலங்கை மத்திய வங்கி. பிழை எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். இணையத்தில் தமிழில் தேடினால் முன்னுக்கு வருவது தமிழ்நாட்டுத் தேர்வு வீடியோக்கள். நல்ல வீடியோக்கள்தான், நானும் பார்க்கிறேன். தத்துவத்தை அங்கே படியுங்கள், தப்பில்லை. ஆனால் நிறுவனம், சட்டம், இலக்கங்கள் எல்லாம் நம் நாட்டினுடையதாக இருக்கவேண்டும். இந்திய ரெப்போ விகிதத்தை இலங்கைப் பரீட்சையில் எழுதினால் யார் புள்ளி போடுவார்கள்?

சரி, பணவீக்கத்தில், அதாவது பொதுவாக விலைகள் ஏறுகிற வேகத்தில் தொடங்குவோம். இலங்கையில் அதை அளக்கும் சுட்டெண்கள் இரண்டு: கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண். இரண்டையும் தயாரிப்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். மத்திய வங்கி என்று எழுதிவிடாதீர்கள். மத்திய வங்கி அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறது, அவ்வளவுதான். முல்லைத்தீவில் மீன் விலை ஏறினால் கொழும்புச் சுட்டெண்ணில் தெரியுமா என்று ஒரு பிள்ளை கேட்டார். தெரியாது. அது கொழும்பு நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்துக் கட்டியது. ஆனாலும் மத்திய வங்கியின் 5 சதவீதப் பணவீக்க இலக்கு அந்தச் சுட்டெண்ணின் மேல்தான் நிற்கிறது. இதில் எனக்கு மனக்குறை உண்டு, அதைப் பரீட்சையில் எழுதவேண்டாம்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில், 1.3 சதவீதம். பத்திரிகையில் "பணவீக்கம் சரிந்தது" என்று போட்டார்கள். பரந்தன் சந்தையில் நின்ற ஆட்களுக்கு அது பச்சைப் பொய் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் சரிதான். கணக்கைப் பாருங்கள்.

2021 செப்டெம்பரில் ஒரு வீட்டுச் சாமான் பட்டியலுக்கு 10,000 ரூபாய் என்று வையுங்கள். அடுத்த செப்டெம்பரில் 69.8 சதவீதம் ஏறி 16,980. அதற்கடுத்த வருடம் அந்த 16,980இன் மேல் 1.3 சதவீதம் ஏறி, ஏறத்தாழ 17,200. விலை இறங்கவே இல்லை, ஏறுகிற வேகம்தான் குறைந்தது. பழைய 10,000 திரும்பி வராது. இன்னொன்று, 2022இல் விலை அவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டதால், அதோடு ஒப்பிடும் அடுத்த வருடத்தின் வீதம் தானாகவே சின்னதாகத் தெரியும். இதைத்தான் அடிப்படை விளைவு என்று எழுதுவது. நுணுக்கம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல்: இடையில் சுட்டெண்ணின் அடியாண்டு 2013இலிருந்து 2021க்கு மாறியது, அதனால் என் கணக்கு ரூபாய் சதத்துக்குச் சரியாக வராது. விளங்கிக்கொள்ள இது போதும்.

பணச்சுருக்கம் வேறு. அது விலைமட்டம் உண்மையிலேயே இறங்குவது. 2024 செப்டெம்பரில் வீதம் சைபருக்குக் கீழே போனது, 2025 ஜூலை வரை அங்கேயே கிடந்தது. மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைந்தது முக்கிய காரணம். 69.8, 1.3, பிறகு சைபருக்குக் கீழே. மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தால் இந்தப் பகுதி முடிந்தது.

அடுத்தது கொள்கை வட்டி. பாடப்புத்தகத்தில் இதைப் படித்தால் நித்திரைதான் வரும். நான் வேறு பக்கத்தால் வருகிறேன். இதோ, கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன், இது ஒரு அடகுச் சீட்டு. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் தந்தது, பெயரையும் இலக்கத்தையும் மறைத்திருக்கிறேன். நகையின் நிறை, கரட், மதிப்பிட்ட பெறுமதி, கொடுத்த தொகை, ஆண்டு வட்டி, மீட்கவேண்டிய திகதி. வன்னியில் காலபோகம் இந்தச் சீட்டில்தான் தொடங்கும். ஐப்பசியில் விதைப்புக்கு முன் சங்கிலி வங்கிக்குப் போகும், மாசி பங்குனியில் நெல் விற்றதும் திரும்பி வரும். இந்தச் சீட்டில் இருக்கும் ஆண்டு வட்டி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் கொழும்பில் மத்திய வங்கியின் வாசலில் போய் நிற்பீர்கள்.

எப்படி? வங்கிகளுக்கு நாள் முடிவில் காசு மிஞ்சும், அல்லது தட்டுப்படும். மிஞ்சினால் மத்திய வங்கியில் ஓர் இரவுக்கு வைக்கலாம், அதற்குக் கிடைக்கும் வட்டி துணைநில் வைப்பு வசதி வீதம். தட்டுப்பட்டால் கடன் எடுக்கலாம், அதற்குக் கட்டும் வட்டி துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம். வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் வட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும். 2024 நவம்பர் 27இல் இந்த முறையில் ஒரு மாற்றம் வந்தது. ஓரிரவுக் கொள்கை வீதம் என்று ஒரே ஒரு வீதத்தை 8 சதவீதத்தில் அறிவித்தார்கள். மற்ற இரண்டும் அதற்கு அரைச் சதவீதம் மேலேயும் கீழேயும் தானாக நிற்கும். 2025 மே மாதம் அது 7.75க்கு இறங்கியது. பரீட்சைக்குப் போகும் கிழமையில் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கடைசி எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

2022 ஏப்ரல் 8ஐ மட்டும் மறக்காதீர்கள். அன்று ஒரே அறிவிப்பில் இரண்டு வீதங்களையும் 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டினார்கள். வைப்பு வசதி 6.5இலிருந்து 13.5, கடன் வசதி 7.5இலிருந்து 14.5. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக அரசு அறிவித்தது. அந்த வருடம் 91 நாள் திறைசேரி உண்டியலின், அதாவது அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரத்தின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அரசாங்கமே 30 சதவீதம் தருகிறது என்றால் வங்கி ஏன் கமக்காரருக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கப்போகிறது? அடகுச் சீட்டில் இருக்கும் எண் ஏறியது அப்படித்தான். அதே நேரம் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200ஐ ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ ஒட்டிப் போனது, அதோடு தங்கத்தின் ரூபாய் விலையும் எகிறியது. ஆக அதே ஒரு பவுண் சங்கிலிக்கு முன்னையை விடக் கூடக் காசு கிடைத்தது, கூட வட்டியும் கட்டவேண்டி வந்தது. வட்டி வீதம், நாணயமாற்று வீதம் இரண்டும் ஒரு குடும்பத்தின் கழுத்தில் எப்படிச் சேர்ந்து விழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை.

நியதி ஒதுக்கு விகிதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைப்புகளில் ஒரு பங்கை வங்கி மத்திய வங்கியில் கட்டாயம் வைத்திருக்கவேண்டும். 2023 ஓகஸ்டில் அதை 4இலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தார்கள், வங்கிகளின் கையில் கடன் கொடுக்கக் காசு கூடியது. ஒன்றை 0.02ஆல் வகுத்தால் பணப்பெருக்கி, அதாவது ஒரு ரூபாய் ஒதுக்கை வைத்து வங்கிகள் எத்தனை ரூபாய் வரை பெருக்கலாம் என்பது, 50 என்று வரும். பல்தேர்வு வினாவுக்கு அந்த விடை சரி. நடப்பில் எந்த வங்கியும் அவ்வளவு தூரம் போகாது.

சட்டம் பக்கம் ஒன்றிரண்டு. மத்திய வங்கி 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணயச் சட்டத்தின் கீழ் 1950இல் தொடங்கியது, முதல் ஆளுநர் அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டர். இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம். கேள்வி அதிகம் வரக்கூடியது இங்கேதான். மத்திய வங்கியின் முடிவுகளை எடுத்த பழைய நாணயச் சபையில் திறைசேரிச் செயலாளரும் இருந்தார், புதிய சட்டத்தில் அவருக்கு இடமில்லை. முதல் நோக்கம் விலை உறுதிப்பாடு. அரசு வெளியிடும் திறைசேரி உண்டியலையும் முறியையும் (நீண்ட காலக் கடன் பத்திரம்) மத்திய வங்கி முதல்நிலைச் சந்தையில், அதாவது வெளியிடும்போதே அரசிடமிருந்து நேரடியாக வாங்கக்கூடாது. சாதாரணமாகச் சொல்வதென்றால், வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுந்தால் காசு அச்சடித்து அடைக்கும் வழியை மூடிவிட்டார்கள். பணவீக்க இலக்கு தொடர்ந்து இரண்டு காலாண்டுக்குத் தவறினால் பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்கவேண்டும். இலக்கு தவறுவது மேலே போவதால் மட்டும் இல்லை. பணச்சுருக்கக் காலத்தில் கீழே தவறியதற்கும் அறிக்கை கொடுத்தார்கள்.

இனி நான் கொஞ்சம் கோபமாகக் கதைக்கும் இடம். நுண்கடன். வட்டி "நிலையான 24 வீதம்" என்று சொல்லி வீட்டு வாசலில் கையெழுத்து வாங்குவார்கள். 60,000 ரூபாய், 12 மாதம். வட்டி 14,400. மொத்தம் 74,400, மாதம் 6,200. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே மாதம் 5,000 முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். முதல் மாதம் உங்களிடம் 60,000 இருக்கும், கடைசி மாதம் 5,000 மட்டும்தான். சராசரி 32,500. அந்த 32,500க்குத்தான் 14,400 வட்டி கட்டுகிறீர்கள். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 44 சதவீதம். 24 என்று சொன்னது எங்கே, 44 எங்கே? குறைந்து செல்லும் மீதியில் வட்டி கணிப்பதற்கும் நிலையான வட்டிக்கும் வேறுபாடு எழுதச் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், வரைவிலக்கணம் தேவைப்படாது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணமும் அறிவித்தது. வடக்குப் பெண்களின் கடன் பிரச்சினை கொழும்புப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்த காலம் அது.

வைப்புக் காப்புறுதி பற்றியும் அடிக்கடி கேட்கிறீர்கள். வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால் ஒரு வைப்பாளருக்கு, ஒரு நிறுவனத்துக்கு 11 இலட்சம் ரூபாய் வரை. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குத்தான் இது. கூட்டுறவுக் கிராமிய வங்கியும் சமுர்த்தி வங்கியும் இதற்குள் வராது. நம் ஊரில் பாதிப் பேருடைய சேமிப்பு அங்கேதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சென்மதி நிலுவைக்கு, அதாவது நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் கணக்குக்குத் தனி வீடியோ போடுவேன், இன்றைக்கு ஒரு பொறியை மட்டும் காட்டுகிறேன். கனடா மாமா அனுப்பும் காசு எந்தக் கணக்கில் வரும்? பாதிப் பேர் நிதிக் கணக்கு, அதாவது முதலீடும் கடனும் பதிகிற பக்கம் என்கிறார்கள். இல்லை, பொருள், சேவை, வருமானம் பதிகிற நடைமுறைக் கணக்கில், இரண்டாந்தர வருமானம். அவர் அதைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை, முதலீடும் செய்யவில்லை, அதனால் அங்கே வராது. வெளிநாட்டிலிருந்து வேலையாட்கள் அனுப்பிய பணம் 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். அனுப்புகிறவர்கள் குறைந்துவிட்டார்களா? வங்கியில் டொலரை 200 சொச்சத்தில் கட்டி வைத்திருந்தார்கள், வெளியே உண்டியல்காரர், அதாவது வங்கி இல்லாமல் காசு கைமாற்றுகிறவர், அதைவிடக் கூடக் கொடுத்தார். காசு வீட்டுக்கு வந்தது, டொலர் நாட்டுக்கு வரவில்லை. வீதத்தைச் சந்தையின் போக்குக்கு விட்ட பிறகு மெல்ல மெல்ல வங்கிக்குத் திரும்பியது. 2023இல் 6 பில்லியனுக்குக் கிட்டப் போனது, அந்த வருடம் நடைமுறைக் கணக்கும் மிகையில் முடிந்தது.

கடைசியாக ஒரு பயிற்சி வினா தருகிறேன். 2025 மாசியில் நெல்லுக்கு அரசு அறிவித்த உத்தரவாத விலை கிலோவுக்கு நாடு இனத்துக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாய். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கவேண்டுமானால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். வெட்டும் இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல்லில் அதைவிட ஈரம் கூடவே இருக்கும். காயவைக்கத் தளமும் நாட்களும் தேவை, அடகுச் சீட்டின் திகதியோ காத்திருக்காது. அதனால் பலர் வயல் வரம்பிலேயே ஈர நெல்லைத் தனியார் வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வினா இதுதான்: சந்தை விலைக்கு மேல் வைத்த குறைந்தபட்ச விலை எந்த நிலைமைகளில் உற்பத்தியாளரின் கைக்குப் போய்ச் சேராது? கேள்வி நிரம்பல் வரைபடத்தோடு, வன்னியிலிருந்து ஒரு உதாரணம் கொடுத்து 250 சொற்களில் எழுதுங்கள். அரை மணித்தியாலம்தான் நேரம். வரைபடத்தில் உத்தரவாத விலைக் கோட்டைச் சமநிலைப் புள்ளிக்குக் கீழே போடாதீர்கள், போட்டால் அந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. நான் எழுதிய விடையைச் சென்மதி நிலுவை வீடியோவின் முதல் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டுகிறேன்.