முதல் க்ரூசரைத் தெருவில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், புதிதாக பைக் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஒரு மைதானத்தில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அங்கே எல்.எல்.ஆர். வாங்கிய கையோடு வருகிறவர்கள்கூட முதல் நாளே கேட்டுவிடுவார்கள்: “முதல் வண்டியே க்ரூசர் வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்கலாம்?”

வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். க்ரூசர் என்பது தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட, நிதானமாக ஓட்டுகிற பைக். இருக்கை தாழ்ந்திருப்பதால் கால் தரையில் நன்றாக ஊன்றும். நிமிர்ந்து உட்காரலாம். என்ஜினும் நம்மை அவசரப்படுத்தாது. எதை வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். க்ரூசர் என்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலை மனதில் வந்துவிடுகிறது. நேர் சாலை, கடல் காற்று, எழுபதில் அலுங்காமல் போகும் வண்டி. அந்தச் சாலையில் எந்த க்ரூசரும் நன்றாகத்தான் போகும். வண்டியின் குணம் தெரிவது உங்கள் வீட்டு வாசலில். கேட்டுக்குள் பின்பக்கமாகத் தள்ளி ஏற்றும்போது, சந்தில் திருப்பும்போது, பெட்ரோல் பங்க் வரிசையில் அடியடியாக நகரும்போது தெரியும். முதல் க்ரூசரை அந்த நடை வேகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. என் முதல் க்ரூசரை அதன் சத்தத்துக்காகவும் பெட்ரோல் டேங்கின் அழகுக்காகவும் வாங்கினேன். ஒன்பதாம் நாள், எங்கள் தெருவில் வண்டியைத் திருப்பினேன். ஓரத்தில் வீடு கட்டக் கொட்டிய மணல் கொஞ்சம் பரவிக் கிடந்தது. ஹேண்டில்பார் முழுக்க வலது பக்கம் திரும்பியிருக்கிறது, வேகம் நடக்கிற வேகம். எதிர்ச்சுவர் கிட்டே வந்ததும் பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான். வண்டி வேகமாக விழவில்லை. மெல்ல, சாய்ந்துகொண்டே போனது. வலது காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன், நிற்கவில்லை. சூடான சைலன்சர் கணுக்காலில் பட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தழும்பைவிடப் பெரிய நஷ்டம், அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் அந்த வண்டியைத் தொடவே இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி போர்வை மூடி நின்றது. இது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இதையெல்லாம் சொல்கிறேன்.

அன்றைக்கு நடந்ததன் காரணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். க்ரூசரில் முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய், மற்ற பைக்குகளைவிடச் சாய்ந்திருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இடையே தூரமும் அதிகம். நேர் சாலையில் வண்டி நூல் பிடித்த மாதிரி போவதற்கு அதுதான் காரணம். குறுகிய இடத்தில் திருப்ப அதிக இடம் கேட்பதற்கும் அதுவேதான் காரணம். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால், வண்டியின் எடை முழுக்கத் திரும்பிய பக்கமே சாயும். அந்த வேகத்தில் பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு, கிளட்சைப் பாதி பிடித்து, பார்வையைச் சுவரில் வைக்காமல் போக வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். மைதானத்தில் முதல் மூன்று வாரம் இதை மட்டும்தான் பழக்குகிறேன்.

இப்போது எடைக்கு வருவோம். பலரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போடுவது நூறு சி.சி. வண்டியில். ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-இன் எடை 191 கிலோ. கிட்டத்தட்ட எண்பது கிலோ கூடுதல், அதாவது இன்னொரு ஆளையே ஏற்றிக்கொண்ட கணக்கு. அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியார் 650 இன்னும் ஐம்பது கிலோ அதிகம், 241. பஜாஜ் அவெஞ்சர் 220 சுமார் 163 கிலோ.

இருக்கை உயரத்தில் ஒரு ஏமாற்றம் உண்டு. மீட்டியாருக்கு 765 மில்லிமீட்டர், அவெஞ்சருக்கு 737, சூப்பர் மீட்டியாருக்கு 740. இதைப் பார்த்துவிட்டு, “650 தாழ்வாகத்தானே இருக்கிறது, எனக்குக் கால் எட்டுமே” என்று சொல்கிறவர்கள் உண்டு. கால் எட்டுவது வேறு, சாய்கிற வண்டியைத் தாங்குவது வேறு. இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரியும், அதிலேயே உயரம் கொஞ்சம் போய்விடும். அதனால் தினமும் போடப்போகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். ஷோரூமில் டைல்ஸ் தரையில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. வெளியே சாய்வான இடத்தில் நிறுத்தி உட்காருங்கள்.

என்ஜினைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று பாருங்கள்: இழுவை என்ஜினின் எந்தச் சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது. மீட்டியாரின் 349 சி.சி. என்ஜின் 27 நியூட்டன் மீட்டர் இழுவையை நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. கிளட்சை விடுவதில் கொஞ்சம் பிசகினாலும் சட்டென்று அணையாது. அவெஞ்சர் 220-க்கு அந்த உச்சம் 7000 சுற்றில்தான் வரும், அதுவும் 17.5 அளவில். ஆக, எடையில் அவெஞ்சர் புதியவருக்கு நல்லது, மெதுவாக நகர்வதில் மீட்டியார் நல்லது. உங்கள் உடம்புக்கும் உங்கள் தெருவுக்கும் இதில் எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உடல்வாகு சிறியவர்களுக்கும், மாடிப்படிக்குக் கீழே வண்டியை நுழைக்க வேண்டியவர்களுக்கும் நான் அவெஞ்சரைத்தான் சொல்கிறேன். 650 இரண்டாவது வண்டியாக வரட்டும்.

வரிக் கணக்கும் சின்ன வண்டிக்குத்தான் சாதகம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40 சதவீதம். மிச்சமாகும் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு, கையுறை, கணுக்காலை மூடும் ஷூ வாங்கிவிடுங்கள்.

டெஸ்ட் ரைடு போகும்போது என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் சைடு ஸ்டாண்டை எடுத்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி பத்தடி முன்னால், பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்புறம் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைக் கடைசி வரை இடது பக்கமும் வலது பக்கமும் திருப்புங்கள். வெளிப்பக்கக் கை, முதுகை இருக்கையிலிருந்து இழுக்காமல் பிடியை எட்டுகிறதா? இதை யாரும் பார்ப்பதில்லை. கை குட்டையானவர்களுக்கு அகன்ற ஹேண்டில்பார் பெரிய தொல்லை. யூ-டர்னின் நடுவில் பிடி நழுவும். பிறகு ஓட்டிப் போய், ஆளில்லாத தெருவில் காலை ஊன்றாமல் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். இருவழிச் சாலையின் தார் அகலம் பொதுவாக 7 மீட்டர். அதற்குள் நிதானமாகத் திரும்ப முடிந்தால் அந்த வண்டி உங்களுக்கு ஒத்துவரும்.

வேகத்தடையையும் மறக்காதீர்கள். க்ரூசரில் கால் வைக்கும் கம்பி முன்னால் இருப்பதால், மற்ற பைக்குகளைப் போல எழுந்து நின்று குலுக்கலைத் தவிர்ப்பது கஷ்டம். அடி நேராக முதுகெலும்புக்கு வரும். பின்னால் வழக்கமாக யார் உட்காருவார்களோ, அவர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடை ஏறி இறங்குங்கள். அம்மா முகத்தைச் சுளித்தால் அந்த வண்டி வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவதும் நல்ல யோசனை, முதல் கீறல் விழும்போது மனசு அவ்வளவு வலிக்காது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, ஹேண்டில்பார் கோணியிருக்கிறதா, ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

எங்கள் மைதானத்துக்கு ஒரு செவிலியர் வந்தார். ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவான உயரம். இரவுப் பணி முடித்துத் தூக்கக் கண்ணோடு வருவார். பெரிய வண்டி ஒன்றின் படத்தைத்தான் கைப்பேசியில் வைத்திருந்தார். நான்கு வண்டிகளைத் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் பழைய அவெஞ்சர் ஒன்றை வாங்கினார். போன மாதம் நாங்கள் கல்லணைக்குப் போகும் ஆற்றங்கரைச் சாலையில் சேர்ந்து போனோம். வழியில் தெர்மாஸை டீக்கடையிலேயே விட்டுவிட்டு வந்தது அவருக்கு நினைவு வந்தது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாழைத்தோட்டம், அகலமில்லாத சாலை. முன்னும் பின்னும் பார்த்தார், தலையைத் திருப்பிக் கடை இருந்த திசையைப் பார்த்தார், ஒரே வளைவில் காலை ஊன்றாமல் திருப்பிக்கொண்டு போனார்.

நன்றி, வணக்கம்.