85 செகண்டுல கோட்டை விட்டேன்! கோயம்புத்தூர் ஹாஃப் மாரத்தான் முழு பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. மதுரையில எங்க வீட்டு மொட்டை மாடியிலருந்து பேசுறேன். கீழ பெரியவன் அரையாண்டுப் பரீட்சைக்குப் படிச்சுட்டு இருக்கான், நான் சத்தம் போட்டா புத்தகத்தோட மேல ஏறி வந்து நிப்பான். பத்தாங்கிளாஸ் வேற. அதனால மெதுவாத் தான் பேசுவேன், கேக்கலைன்னா ஹெட்செட் மாட்டிக்கங்க. பின்னாடி காயுற துணியெல்லாம் கண்டுக்காதீங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கிழமை ஹாஃப், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடுற அரை மாரத்தான். ரெண்டு மணி நேரம், ஒரு நிமிஷம், இருவத்தி நாலு செகண்டு. சொல்லும்போதே வயிறு எரியுது. ஜூன் மாசத்துலருந்து இந்த சேனல்ல நான் என்ன கத்திட்டு இருக்கேன்? ரெண்டு மணி நேரத்துக்குள்ள. 1:59:59 வந்தாக்கூட போதும்னு சொல்லிட்டு இருந்தேன்ல. 85 செகண்டு மக்களே. அத்தைக்கு ஒரு காபி ஆத்திக் குடுக்குற நேரம்.

போன வருஷம் 2:14 தானே, பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல குறைச்சிருக்கியேன்னு எழுதப் போறவங்க எழுதுங்க. எனக்கு அது ஆறுதலா இல்ல. ஏன்னு கேளுங்க. என் வாட்ச்ல நான் ஜெயிச்சிருக்கேன்!

வாட்ச் 21.1 காட்டும்போது மணி 1:59:55. கையைத் தூக்கிட்டேன் நான். நிஜமாவே ரெண்டு கையையும் தூக்கி "ஏ..."ன்னு ஒரு சத்தம். நிமிந்து பாத்தா முடியுற இடத்து வளைவு தூரத்துல, பொம்மைக் கொலுப்படி மாதிரி சின்னதாத் தெரியுது. இன்னும் 260 மீட்டர் இருக்கு. பக்கத்துல ஓடுன பெரியவர் ஒருத்தர், அறுவது வயசு இருக்கும், "என்னம்மா, கால் பிடிச்சிருச்சா?"ங்கிறாரு. தூக்குன கையை எப்படி இறக்குறதுன்னே தெரியல. அந்த 260 மீட்டர் ஓடுன 89 செகண்டும் நான் யாரையெல்லாம் திட்டுனேன்னு சொன்னா வீடியோவை எடுத்துருவாங்க.

இருங்க, முன்னாடி நடந்ததைச் சொல்லாம இங்க வந்துட்டேன். வளைகாப்பு. நான் கோயம்புத்தூர் போனதே வளைகாப்பு புண்ணியத்துல தான். நாத்தனார் மகளுக்கு சனிக்கிழமை வளைகாப்பு, மறுநாள் விடிகாலை ரேஸ். இந்தத் தேதி ரெண்டும் சேந்து வந்ததும், மீனாட்சிக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டுத் தான் காசு கட்டுனேன். இல்லாட்டி ஓடுறதுக்குன்னு ஊர் விட்டு ஊர் போறேன்னு எங்க வீட்டுல சொல்லி அனுமதி வாங்குறதா? சாப்பாடு வேற வளைகாப்புச் சாப்பாடு. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சக்கரைப் பொங்கல், தயிர் சாதம். ரேஸுக்கு முன்னாடி தெம்புக்கு மாவுச்சத்தை ஏத்திக்கிறதை, காசு குடுத்து டயட் பிளான் வாங்குறவங்க கார்ப் லோடிங்னு சொல்றாங்கள்ல, அது எங்க ஊருல ஏழாம் மாசம் பந்தியில போடுறது தான்.

அங்க எனக்கும் கண்ணாடி வளையல் போட்டு விட்டாங்க. அஞ்சு, பச்சையும் சிவப்புமா. ராத்திரி கழட்டலாம்னு பாத்தா அத்தை, "ஏத்தா, போட்ட அன்னைக்கே கழட்டாத"ன்னுட்டாங்க. சரி இருக்கட்டும்னு அதோடயே ஓடுனேன். இடது கையில வாட்ச், வலது கையில வளையல். ஒவ்வொரு அடிக்கும் சலக்கு சலக்கு. முதல் மூணு கிலோமீட்டர் எனக்கே எரிச்சலா இருந்துச்சு, அப்புறம் பாத்தா அது தாளமாவே மாறிருச்சு. தாளம் தப்புனா வேகம் குறையுதுன்னு அர்த்தம். பன்னெண்டாவது கிலோமீட்டர்ல தண்ணி டம்ளரைப் பிடுங்கும்போது மேஜையில பட்டு ரெண்டு உடைஞ்சுது. மிச்சம் மூணு இந்தா, இன்னும் கையில இருக்கு.

அந்தத் தண்ணி மேஜை தான் வில்லன். அதுக்கு வர்றேன்.

ஆனா அதுக்கு முன்னாடி ஜெல், ஓடும்போது தெம்புக்குப் பிதுக்கிச் சாப்பிடுற பாக்கெட். ஜெல் பத்தி நான் ஏற்கனவே ஒரு வீடியோ முழுக்கப் பொரிஞ்சு தள்ளியிருக்கேன், இருந்தாலும் சொல்றேன். ஒரு பாக்கெட் 130 ரூபா! அதைப் பிச்சா பாதி கையில, கால்வாசி துப்பட்டால, இல்ல துப்பட்டா இல்ல, டீ-ஷர்ட்ல. மிச்சம் வாயில போனா பசை குடிச்ச மாதிரி இருக்கு. இந்தத் தடவை எல்லாரும் சொல்றாங்களேன்னு ஒன்னே ஒன்னு வாங்கி எட்டாவது கிலோமீட்டர்ல சாப்பிட்டேன். விரல் ஒட்டி, வாட்ச் பட்டனை அமுக்க முடியல. பதினாலுல பழையபடி கோவில்பட்டி கடலை மிட்டாய். மென்னு முழுங்க மூச்சு வாங்கும், ஒத்துக்கிறேன், ஆனா மனசு நிறையுது. புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய், சும்மாவா? அந்த 130 ரூபாய்க்கு எத்தனை பாக்கெட் வந்திருக்கும்னு ரேஸ்லயே கணக்குப் போட்டுட்டு ஓடுனேன்.

இப்போ பஞ்சாயத்து. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னா கிலோமீட்டருக்கு 5:41, அதாவது அஞ்சு நிமிஷம் நாப்பத்தியோரு செகண்டு. சுவத்துல, குளிர்சாதனப்பெட்டியில, பெரியவனோட கால அட்டவணைக்குப் பக்கத்துல எல்லாம் 5:41னு எழுதி ஒட்டியிருக்கேன், பாத்திருப்பீங்க. ரேஸ் முடிஞ்சு வாட்சைப் பாத்தா சராசரி சரியா 5:41. ஒரு செகண்டு பிசகல. ஆனா தூரம் 21.36 கிலோமீட்டர். ஹாஃப்ங்கிறது 21.1. அப்ப 260 மீட்டர் கூட ஓட விட்டுட்டாங்க, ரோட்டைத் தப்பா அளந்துட்டாங்கன்னு ஓட்டல் ரூம்ல ஒரே ஆட்டம் ஆடிட்டேன்.

எங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். நிலம் அளக்குறவரு. லைசென்ஸ் சர்வேயர். மனுசன் கட்டில்ல சாஞ்சு வாழைப்பழம் உரிச்சுட்டே சொல்றாரு, "ரோடு சரியாத் தான் இருக்கும். நீ ஓடுனது தான் கோணல்." பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல.

எனக்குக் கோவம்னா கோவம். ஊருக்குத் திரும்பும்போது கார்ல உக்காந்து ஃபோன்ல தேடிப் பாத்தா, அவரு சொன்னது தான் சரி. முறையா அளக்குற ரேஸுக்கெல்லாம் சைக்கிள் சக்கரத்துல ஒரு எண்ணுற கருவியை மாட்டி அளப்பாங்களாம். அதுவும் வளைவுல எல்லாம் ஓரத்துலருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, எது ரொம்பக் குறுக்கு வழியோ அந்தக் கோட்டுல. தூரம் குறைஞ்சிரக் கூடாதுன்னு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட வேற வைப்பாங்க. ஆக, குறுக்குக் கோட்டுல ஓடுறவங்களுக்குத் தான் 21.1. நான் எங்க குறுக்கே ஓடுனேன்? நாலு பேரு கல்யாண வீட்டுக்கு நடந்து போற மாதிரி கைகோத்துட்டு முன்னாடி போறாங்க, அவங்களைச் சுத்திட்டு அங்கிட்டு. தண்ணி மேஜை இடது பக்கம், வளைவு வலது பக்கம், அதனால இங்கிட்டு. நிழல் எங்க இருக்குன்னு ஒரு ஓட்டம். தெரிஞ்ச பொண்ணு ஓரமா நின்னு கை காட்டுச்சு, அதுக்குக் கை குடுக்க ஒரு எட்டு. போதாததுக்கு மரத்துக்கு அடியில வாட்ச் சிக்னலும் கொஞ்சம் தள்ளாடும். சொட்டுச் சொட்டா சேந்து 260 மீட்டர்.

இதுல பெரியவன் வேற. பின் சீட்டுல கணக்குப் புத்தகத்தை மடியில வச்சிருந்தவன், "அம்மா, வட்டத்துல ஒரு மீட்டர் வெளிய தள்ளி ஓடுனா, ஒரு முழுச் சுத்துக்கு 2π, அதாவது 6.28 மீட்டர் கூடும். வட்டம் சின்னதா பெருசாங்கிறதே வேண்டாம், எதுக்கும் அதே 6.28 தான்"ங்கிறான். நம்பவே முடியல எனக்கு. நம்ம நாயக்கர் மஹால் தூணைச் சுத்துனாலும் அதே, பூமியைச் சுத்துனாலும் அதேவாம். பையன் படிக்கிறானேன்னு சந்தோசப்படுறதா, எனக்கு எதிராப் படிக்கிறானேன்னு அழுறதா? அப்பவும் விடல. "கென்யாக்காரர் கிப்சோகே 2019ல வியன்னாவுல ஃபுல் மாரத்தானையே 1:59:40ல முடிச்சாரும்மா, நீங்க பாதியை..."ன்னு இழுத்தான். அது சாதனைக் கணக்குல சேராதுடா, முறை வச்சு ஆள் மாத்தி மாத்தி முன்னாடி ஓடிக் குடுத்தாங்கன்னு சொன்னேன். "உங்களுக்கும் தான் பலூன் ஆளு ஓடுனாரு"ன்னுட்டான்.

ஆமா, பலூன்! சொல்ல மறந்துட்டேன் பாருங்க. ரெண்டு மணி நேரத்துல முடிக்கிறதுக்குன்னு முதுகுல பலூன் கட்டிட்டு, நமக்கு வேகம் காட்ட ஒரு பேஸர் ஓடுவாருல்ல. நான் ஆரம்பத்துலருந்து அவரு கூடத் தான் இருந்தேன். பதினஞ்சுல பாத்தா அவரு கொஞ்சம் முன்னாடி போயிட்டாரு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவரு வேகமாப் போறாரு பாவம், வாட்ச்படி நம்ம தான் சரின்னு. அவரு கிலோமீட்டர் போர்டைப் பாத்து ஓடியிருக்காரு! என் வாட்ச் அஞ்சாவது கிலோமீட்டர்லயே போர்டு வர்றதுக்கு அறுவது மீட்டர் முன்னாடி பீப் அடிச்சுது. பத்துல நூத்தி இருவது மீட்டர். இருவதுல கிட்டத்தட்ட 250. கண்ணு முன்னாடி போர்டு போர்டா எழுதி வச்சிருக்கு, நான் கையில கட்டுனதை நம்பிப் போயிருக்கேன். அந்த பலூனை விட்டது தான், மக்களே, ஜெல்லை விடப் பெரிய தப்பு.

இன்னைக்குக் காலையில நாலரைக்கே தெப்பக்குளம் போயிட்டேன். ஓய்வு எடுக்கணும்ங்கிற வாரம், தெரியும், திட்டாதீங்க. பரிசோதனை. குளத்துச் சுவரை ஒட்டி அஞ்சு சுத்து, வெளி ஓரத்துல அஞ்சு சுத்து. நாயக்கர் மஹாலுக்கு மண்ணு எடுத்த பள்ளம்னு சொல்லுவாங்கள்ல, நாலு பக்கமும் சதுரமா இருக்குறதால திருப்பம் நாலு தான். அந்த நாலு திருப்பத்துக்கே, அஞ்சு சுத்துல, வாட்ச்ல 140 மீட்டர் வித்தியாசம்! பால்காரர் சைக்கிளை நிறுத்திட்டு, என்ன இந்தம்மா சுவரைத் தடவிட்டே போகுதுன்னு பாத்தாரு. கருப்பனும் வந்தான். அவனைத் தெரியாதவங்க மார்ச் மாசத்து வீடியோ பாருங்க, என்னைத் துரத்தித் துரத்தியே வேகம் கத்துக் குடுத்த நாய். இப்ப அவன் துரத்துறதில்ல, கூடவே வர்றான். ஆனா எப்பவும் உள்பக்கமாத் தான் ஓடுறான். அஞ்சறிவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல.

சரி, இனிமே கணக்கு மாறுது. 21.36 ஓடுறதா வச்சுக்கிட்டா வாட்ச்ல 5:41 ஆகாது, 5:37 வேணும். நாலு செகண்டு தான்னு சொல்லாதீங்க, கிலோமீட்டருக்கு நாலு செகண்டு. செவ்வாக்கிழமை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துல அடிக்கிற 800 மீட்டர் வேக ஓட்டத்தை ஆறு தடவையிலருந்து எட்டாக் கூட்டுறேன். தானா அடிக்கிற அந்த பீப்பை நிறுத்தியாச்சு. இனிமே ஒவ்வொரு போர்டுலயும் நானே பட்டனை அமுக்குவேன். ஜெல் சாப்பிடாததால விரல் ஒட்டாது.

அடுத்த ரேஸ் எப்பன்னு கேக்குறீங்க. ரேஸ் கிடையாது. பெரியவனுக்குப் பொதுப்பரீட்சை முடியிற வரைக்கும் வெளியூர் கிடையாதுன்னு அவன்கிட்டயே வாக்குக் குடுத்திருக்கேன். அவன் கேக்கல, நானாத் தான் குடுத்தேன், குடுத்துட்டு முழிக்கிறேன். அதனால உள்ளூர்லயே, தனியாவே. அரையாண்டு லீவுல ஒரு நாள், மதுரையிலருந்து அழகர்கோயில். ஹாஃப் தூரத்துக்குன்னே மலையடிவாரத்துல போய் உக்காந்திருக்காரு அழகர். எங்க ஆரம்பிச்சா கோயில் வாசல்ல சரியா 21.1 முடியும்னு எங்க வீட்டுக்காரரு பின்னாலருந்து அளந்து குறி போட்டுத் தர்றேன்னிருக்காரு. உருட்டி அளக்குற சக்கரத்தைத் தூசி தட்டி வச்சாச்சு. ஆரம்பிக்கிற இடம் உத்தேசமா வைகை ஆத்துப் பக்கம் வருமாம்.

இதைக் கேட்டுட்டு அத்தை சொன்னாங்க பாருங்க, "அழகரே மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்னு நின்னு தான் வர்றாரு. உனக்கு மட்டும் என்னத்தா ரெண்டு மணி நேரம்?" பதிலே இல்ல எங்கிட்ட. ஆனா அன்னைக்குக் கார்ல அவங்களும் வர்றாங்களாம். எனக்குத் தண்ணி குடுக்க இல்ல. நூபுர கங்கைக்குப் போகணும், கோயில் தோசை வாங்கணும். நான் வந்து சேர்றதுக்குள்ள தோசையோட வாசல்ல நிப்பேன்னு பந்தயம் கட்டியிருக்காங்க.

மெடலைக் காட்டலையேன்னு கேப்பீங்க. எங்கிட்ட இல்ல. சின்னது பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போயி, எங்கம்மா ஃபர்ஸ்ட் வந்தாங்கன்னு சொல்லிருச்சு. நேத்து அவளைக் கூப்பிடப் போனா மிஸ்ஸு வாசல் வரைக்கும் வந்து கை குடுக்குறாங்க. நானும் குடுத்துட்டு, நன்றி மிஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பெரியவன் படியேறி வர்ற சத்தம் கேக்குது. கேமராவை அணைக்கிறேன்.