நஞ்சுக்கொடித் திசுவில் டிஎன்ஏ-வை அளப்பது

நேயர்களுக்கு வணக்கம். முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி (பிளாசென்டா), நீர்கோத்து, திராட்சைக் கொத்தாகப் பெருகிவிடும். கருப்பையைச் சுத்தம் செய்து எடுத்த திசு, நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வரும். இது முழு முத்துப்பிள்ளையா, பகுதி முத்துப்பிள்ளையா, நீர்கோத்த சாதாரணக் கருச்சிதைவா? இப்போது ஸ்கேனில் சீக்கிரமே தெரிந்து எடுத்துவிடுவதால், மைக்ராஸ்கோப்பில் மூன்றும் பல நேரம் ஒன்றுபோலவே தெரியும்.

அங்கேதான் டிஎன்ஏ அளவு கைகொடுக்கிறது. பகுதி முத்துப்பிள்ளையில் பெரும்பாலும் ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்திருக்கும். 46-க்குப் பதில் 69 குரோமோசோம்கள். அதாவது டிஎன்ஏ ஒன்றரை மடங்கு.

அளக்கும் விதத்தைச் சொல்கிறேன். திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியிலிருந்து சுமார் 50 மைக்ரான் தடிமனில் சீவுவோம். வழக்கமான 4 மைக்ரான் சீவலில் கத்தி, டிஎன்ஏ இருக்கும் செல்லின் உட்கருவையே வெட்டிவிடும். அந்தத் துண்டு உட்கருக்கள் கணக்கைக் கெடுக்கும். மெழுகை நீக்கி, பெப்சின் நொதியில் ஊறவைத்து உட்கருக்களைப் பிரித்து, டிஎன்ஏ-வில் ஒட்டும் ஒளிரும் சாயம் ஏற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடுவோம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதே கட்டியில் தாயின் கருப்பைத் திசுவும் இருப்பதுதான். அதுவே அளவுகோல். ஒளிர்வின் அளவை வரைபடமாக்கினால், தாயின் செல்களுக்கான மேடு ஓரிடத்தில் எழும். அதற்கு ஒன்றரை மடங்கு தள்ளி இன்னொரு மேடு எழுந்தால் மும்மடியம், அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம்கள்.

ஆனால் இயந்திரம் எவ்வளவு என்றுதான் சொல்லும், யாருடையது என்று சொல்லாது. முழு முத்துப்பிள்ளையில் பெரும்பாலும் 46 குரோமோசோம்கள்தான், அத்தனையும் தந்தை வழி வந்தவை. 1977-இல் ஜப்பானில் காஜி, ஓஹாமா என்ற ஆய்வாளர்கள் இதை நிறுவினார்கள். அளவில் அது சாதாரணக் கருச்சிதைவு மாதிரியே இருக்கும். தாய்வழி வரும் மும்மடியமும் உண்டு. அது முத்துப்பிள்ளை ஆகாது. ஆகவே டிஎன்ஏ அளவை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பி57 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சாயச் சோதனையும் வேண்டும். அந்தப் புரதத்தைத் தருவது தாய்வழி மரபணு. முழு முத்துப்பிள்ளையின் நஞ்சு இழைகளில் அது தென்படாது. அதற்கும் பிடிபடாதவற்றுக்கு மரபணு ஒப்பீடு இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? முழு முத்துப்பிள்ளைக்குப் பின் நூற்றில் பதினைந்து பேர் அளவுக்குக் கீமோதெரபி தேவைப்படலாம். பகுதியில் மிகக் குறைவு. இரண்டிலும் ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். சாதாரணக் கருச்சிதைவென்றால் அந்த அலைச்சலே வேண்டாம்.

பழைய ரிப்போர்ட்டில் சந்தேகம் உள்ளவர்கள், ஆய்வகத்தில் மெழுகுக் கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பல ஆண்டுகள் கழித்தும் அதிலிருந்து அளக்க முடியும்.